ஏழாம் தளம், ஒன்பதாம் இடம்

ஜனவரி 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு நான் சௌக்கியம். வலது முழங்கால் மட்டும் படியிறங்கும்போது தான் இருப்பதைச் சொல்லிக்கொள்கிறது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், அங்கிருந்து எழுதித் தெரிவிக்க ஆளில்லை.

ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் முடிந்து வந்தால் பேனா பிடிக்கக்கூடத் தெம்பில்லை என்கிறாள் உங்கள் மனைவி. தொலைபேசியை எடுத்தால் என் காதுக் கருவி விசில் அடிக்கிறது. ஆகவே இனி மாதம் ஒரு கடிதம் நீங்கள் எழுதுங்கள். மேலே தேதி, மையில் எழுத்து, தாளின் ஒரு பக்கம் மட்டும். தேதி போடாத காகிதத்தை இருபத்தொன்பது வருட உத்தியோகத்தில் நான் கையால் தொட்டதில்லை.

ஒரு குறை சொல்ல வேண்டும். டிசம்பரில் நீங்கள் அனுப்பிய பார்சல் 17ஆம் தேதி வரும் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உங்கள் 7 என் கண்ணுக்கு 1 ஆகத்தான் தெரிந்தது. 11ஆம் தேதி ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "பாட்டி, வந்தா நாங்களே சொல்லி அனுப்பறோம், வீட்டுக்குப் போங்க" என்றான் அந்தக் குமாஸ்தா. நான் யாருக்கும் பாட்டி இல்லை என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். எங்கள் வீட்டில் 7க்கு நடுவே குறுக்குக் கோடு போடுவோம். கான்வென்டில் சிஸ்டர் என் விரலில் ஸ்கேலால் தட்டிக் கற்றுக்கொடுத்தது. என் பிள்ளைகள் இருவருக்கும் நான் தட்டாமலே கற்றுக்கொடுத்தேன். சந்தேகமிருந்தால் உங்கள் மனைவி எழுதிய எதையாவது பாருங்கள்.

பக்கத்து வீட்டு அம்மாள், "உங்க மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார். "கட்டடத்துல" என்றேன். "மேஸ்திரியா?" என்றார். உங்கள் மனைவியைக் கேட்டால், "இடுக்கு இருக்கான்னு பார்ப்பார்மா" என்கிறாள். எந்த இடுக்கு? அதைப் பார்க்க ஒருவருக்குச் சம்பளம் எதற்கு? விளங்கும்படி எழுதுங்கள்.

என் மகன், உங்கள் மச்சான், பதவி உயர்ந்து இப்போது முப்பது பேரை மேய்க்கிறான். நிறுவனத்தின் இதழில் படம் போட்டிருக்கிறார்கள். அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அவனும் பெரிய கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டுகிற வேலைதான். ஆனால் அவனை யாரும் மேஸ்திரியா என்று கேட்டதில்லை.

இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கள் மாமியார்

*

ஜனவரி 20

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

நாங்கள் நலம். உங்கள் முழங்காலுக்கு ஒரு உறை வாங்கி அனுப்புகிறாள் உங்கள் மகள். எந்தத் தேதியில் வரும் என்பதை இந்த முறை எழுத்தால் எழுதுகிறேன்: இருபத்தேழு.

என் வேலையைப் பற்றி. தெருவிலிருந்து பார்த்தால் கண்ணாடிக் கட்டடத்தில் கண்ணாடி தளத்தின்மேல் நிற்பதுபோல் தெரியும். அது நிற்பதில்லை. ஜன்னலுக்கு முன்னால் திரை தொங்குவதுபோல, தளங்களுக்கு வெளியே தொங்குகிறது. ஒவ்வொரு தளத்தின் கான்கிரீட் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடைவெளி கட்டடத்தைச் சுற்றிலும் ஓடும். அதை அடைக்காமல் விட்டால், மூன்றாம் தளத்தில் பிடித்த தீ புகைபோக்கியில் ஏறுவதுபோல நாலுக்கும் ஐந்துக்கும் போய்விடும். கதவுகளெல்லாம் மூடியிருந்தாலும் பயனில்லை.

அதனால் அங்கே கல்பஞ்சு வைப்போம். பாறையை உருக்கி நூலாக இழுத்துச் செய்வது, எரியாது. இடைவெளி 75 மில்லிமீட்டர் என்றால் பஞ்சை 100 ஆக வெட்டி, அமுக்கி நுழைக்க வேண்டும். சரியாக 75க்கு வெட்டினால் காற்றில் கண்ணாடி கொஞ்சம் அசைந்ததும் நழுவிவிடும். கீழே தாங்க இரும்புக் கவ்விகள், மேலே புகை நுழையாமல் ஒரு பூச்சு. பிறகு உள்பக்கத்தில் பலகை போட்டு மூடிவிடுவார்கள். மூடிய பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் மூடுவதற்கு முன் ஒருவர் ஒவ்வொரு இடமாகப் பார்த்து, அளந்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பல வருடம் கழித்து அந்தத் தாள்கள் உண்மைதானா என்று போய்ப் பார்ப்பது என் வேலை. வேலையாட்கள் என்னை "இடுக்கு சார்" என்பார்கள். மேஸ்திரியைவிடக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் பார்க்கிறேன். கட்டி முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆறு, ஏழு, எட்டாம் தளங்களுக்கு ஜூனில் நானூறு பேர் வேலைக்கு வருகிறார்கள். அதற்கு முன் உரிமையாளர் சோதிக்கச் சொல்லியிருக்கிறார். போன வாரம் ஏழாம் தளத்தில் ஒயர் இழுக்க வந்த எலக்ட்ரீஷியன் ஜன்னலோரப் பலகையைக் கழற்றினார். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி உள்ளே போனது. டங்கென்று சத்தம் கீழே கேட்டது.

"சார், என் ஸ்க்ரூடிரைவர் ஆறாவது மாடிக்கு லிஃப்ட் இல்லாம போயிடுச்சு" என்றார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பஞ்சு இல்லை, கவ்வி இல்லை, பூச்சு இல்லை. தாளை எடுத்துப் பார்த்தால் ஏழாம் தளம், ஒன்பதாம் இடம்: எல்லாம் சரி என்று ஒரு பொறியாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அத்தை, நீங்கள் பதிவு அலுவலகத்தில் நகல்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர். ஆகவே கேட்கிறேன். இப்படிப் போட்டவரை என்ன செய்வது?

பணிவுடன்,
மாப்பிள்ளை

*

ஜனவரி 28

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உறை வந்தது. பொருந்துகிறது. சொன்ன தேதியில் வந்ததைக் குறித்துக்கொண்டேன். உங்கள் இருவரின் உடம்பும் சீராக இருக்கட்டும்.

உங்கள் வேலை இப்போது விளங்குகிறது. முதலிலேயே இப்படி எழுதியிருந்தால் பக்கத்து வீட்டு அம்மாளிடம் நான் விழித்திருக்க மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு யோசிக்க ஒன்றுமில்லை. நான் மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்த பிறகே கையெழுத்திட்டவள். ஒரு முறை மேலதிகாரி, "போட்டுத் தாங்கம்மா, வெளியில ஆள் காத்துக்கிட்டிருக்கு" என்றார். "காத்துக்கிட்டே இருக்கட்டும், சார்" என்றேன். அன்றைக்கு மாலை ஆறரை வரை உட்கார்ந்து படித்தேன். அந்த ஆளும் உட்கார்ந்திருந்தார்.

பார்க்காமல் பார்த்ததாக எழுதுகிறவன் பொய்யன். அவனுக்கு என்ன அவசரம், என்ன கஷ்டம் என்றெல்லாம் நீங்கள் விசாரிக்க வேண்டாம். யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் பெயரோடு அறிக்கையில் எழுதுங்கள். நானூறு பேர் உட்காரப்போகிற இடம். அவனைப் பெற்றவள் என்ன லட்சணத்தில் வளர்த்தாளோ!

மகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள் மாமியார்

*

பிப்ரவரி 19

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

இங்கு நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது; மன்னிக்க வேண்டும். மூன்று முறை தொடங்கிக் கிழித்துப்போட்டேன்.

இன்னும் ஐந்து இடங்களைத் திறந்து பார்த்தேன். மூன்றில் வேலை நன்றாக இருக்கிறது. இரண்டில் ஒன்றுமே இல்லை. தெற்குப் பக்கத்தில் மூன்று தளங்களுக்கும் சேர்த்து நாற்பத்திரண்டு தாள்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். இடைவெளி எவ்வளவு என்ற கட்டத்தில் நாற்பத்திரண்டிலும் 75 என்று இருக்கிறது. நான் அளந்த ஐந்து இடங்களில் 62, 81, 70, 90, 68. கான்கிரீட்டை யாரும் அவ்வளவு நேர்க்கோடாக வார்ப்பதில்லை. உட்கார்ந்த இடத்தில் எழுதிய தாள்கள் என்று பார்த்ததும் தெரிகிறது.

எழுத்து மிக அழகான எழுத்து. எங்கும் அடித்தல் இல்லை. ஒவ்வொரு 7க்கும் நடுவே குறுக்குக் கோடு இருக்கிறது. நாற்பத்திரண்டுக்கும் ஒரே தேதி: அக்டோபர் 14. எழுதி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் மார்ச் 31. உங்கள் ஜனவரி 28ஆம் தேதிக் கடிதத்தைப் பல முறை படித்தேன். அதில் ஏதாவது மாற்றிச் சொல்ல விரும்பினால் எழுதுங்கள்.

உங்கள் மகளிடம் இதைப்பற்றி நான் இன்னும் பேசவில்லை.

பணிவுடன்,
மாப்பிள்ளை

*

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று கடிதத்தில் பார்த்தேன். முழங்காலுக்கு டாக்டர் புது மாத்திரை கொடுத்திருக்கிறார். அது தூக்கத்தை வரவழைக்கிறது. அதனால்தான் பதில் எழுத முடியாமல் போனது.

குளியலறைக் குழாய் ஒழுகியது. சரிசெய்ய வந்தவரிடம் பேச்சுவாக்கில், "கட்டடத்துல எங்கயாவது ஒரு இடுக்கு விட்டுப்போச்சுன்னா அப்புறமா அடைச்சுக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"ஏன் முடியாது? அடைச்சுட்டா முடிஞ்சுது. யாரும்மா திறந்து பார்க்கப்போறாங்க?" என்றார்.

அனுபவப்பட்ட மனிதர். இரண்டு ஆட்களை வைத்து நாற்பத்திரண்டு இடங்களையும் பேசாமல் அடைத்துவிட்டால் என்ன? மூன்று நாள் வேலை இருக்குமா? நானூறு பேருக்கும் பாதுகாப்பு ஆகிவிட்டது. பழைய தாள்களை எடுத்துக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகிறது? இவ்வளவு நாளில் அங்கே ஒரு தீக்குச்சிகூட எரியவில்லை. எழுதியவன் அன்றைக்கு எந்த நிலைமையில் இருந்தானோ.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். உங்களுக்குத் தெரியாததில்லை.

கூடத்து மின்விசிறியும் சத்தம் போடுகிறது.

தங்கள் மாமியார்

*

மார்ச் 25

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளச் சொல்கிறாள் உங்கள் மகள். கடிதத்தில் தேதி இல்லை. உறையின் முத்திரையைப் பார்த்து மார்ச் 21 என்று தெரிந்துகொண்டேன். நீங்கள் தேதி போட மறந்ததைப் பார்த்ததும் உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

இனி மறைக்க ஒன்றுமில்லை. அந்தத் தாள்களில் இருப்பது மச்சானின் கையெழுத்து. முதல் நாளே பெயரைப் பார்த்தேன். உங்களுக்கு எழுதாமல் விட்டேன். யாரோ ஒருவரைப்போல வைத்து உங்களிடம் கேட்டது சரியில்லைதான். விட்டுவிடுங்கள் என்று நீங்கள் சொன்னால் விட்டுவிடலாம் என்று ஒரு ஆசை இருந்தது. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. அதன் பிறகு 7ஐப் பற்றியும் தேதியைப் பற்றியும் தெரிந்தேதான் எழுதினேன். பெயரை எழுதக் கை வரவில்லை.

அக்டோபர் 14 எனக்கும் நினைவிருக்கிறது. நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நின்றிருந்தேன். "இன்னிக்கே கிளம்பி வா. நாளைக்குன்னா அப்பாவைப் பார்க்க முடியாது" என்று நீங்கள் மச்சானிடம் போனில் சொன்னபோது மணி இரண்டு. அவர் மாலை ஐந்து மணி ரயிலைப் பிடித்தார். மறுநாள் அங்கே பலகை மூட ஆட்கள் வருவதாக இருந்தது. நடுவில் இருந்த மூன்று மணி நேரத்தில் அந்தத் தாள்கள் எழுதப்பட்டன.

நீங்கள் கேட்டபடி இரண்டு ஆட்கள் மூன்று நாளில் அடைத்துவிட முடியும். ஆனால் எந்த இடம் காலி, எந்த இடத்தில் பஞ்சு சிறிதாக வெட்டப்பட்டிருக்கிறது என்று தெரிய எல்லாவற்றையும் திறக்க வேண்டும். உரிமையாளருக்குத் தெரியாமல் ஒரு பலகையைக்கூடத் திறக்க முடியாது. தெரியாமல் செய்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பழைய தாள்கள் சரியானவை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். மச்சான் மூன்று மணி நேரத்தில் செய்ததை நான் மூன்று மாதம் யோசித்துச் செய்ததாக ஆகும்.

உறவுமுறையை என் மேலாளரிடம் சொல்லிவிட்டேன். "வேற ஆளை அனுப்பட்டுமா?" என்றார். "எழுதறது நானே எழுதறேன். வேற ஒருத்தரை விட்டு நீங்க சரிபாருங்க, சார்" என்றேன். 31ஆம் தேதி அறிக்கை போகும்.

நேற்று உங்கள் மகளிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள், மடித்து வைத்திருந்த யூனிஃபார்மை மறுபடி இஸ்திரி போட்டாள்.

பணிவுடன்,
மாப்பிள்ளை

*

மார்ச் 27

மகனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நலமா? நான் நலம்.

தெற்குப் பக்கம், ஆறு ஏழு எட்டாம் தளங்கள், நாற்பத்திரண்டு தாள்கள். மேற்கொண்டு நான் விவரிக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு உன்னை அழைத்தவள் நான். நீ வந்தாய். அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டே போனார். அதை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்றைக்கு என்றாலும் இன்றே வா என்றுதான் சொல்வேன்.

ஆனால் தாள்களை வெறுமையாக விட்டு வந்திருக்கலாம். "அப்பாவுக்கு முடியவில்லை, பார்க்காமல் போகிறேன்" என்று ஒரு வரி எழுதி மேசையில் வைத்திருந்தால் கட்டடம் இடிந்து விழுந்திருக்காது. பலகை ஒரு வாரம் தாமதமாக மூடியிருக்கும். திட்டியிருப்பார்கள்; கேட்டுக்கொண்டிருப்பாய். அதுவும் போகட்டும். காரியங்கள் முடிந்து திரும்பிப் போன பிறகு எட்டு மாதம் அதே கட்டடத்தில் வேலை பார்த்தாய். எட்டு மாதம் தினமும் அந்தப் படிகளில் ஏறி இறங்கினாய். அந்த எட்டு மாதத்துக்கு அப்பாவைக் காரணம் சொல்ல உன்னை விடமாட்டேன்.

31ஆம் தேதி உன் பெயர் அறிக்கையில் வரும். அதற்கு முன் நீயே உரிமையாளரிடம் போய்ச் சொல். உன் தங்கை கணவரிடம் எதையும் கேட்காதே. அவர் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் ஒரு கேவலமான வேலை செய்யச் சொல்லியும் அவர் செய்யவில்லை. என்ன வேலை என்று உனக்குத் தெரிய வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டுப் போ. வெறும் வயிற்றோடு போனால் குரல் நடுங்கும்.

அம்மா

*

ஏப்ரல் 9

அம்மாவுக்கு,

நான் நலம். மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுகிறீர்களா? உடனே பதில் போடாததற்குக் கோபப்படாதீர்கள். செய்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் மாப்பிள்ளைக்குத்தான் போன் செய்தேன். கேட்காதே என்று நீங்கள் எழுதியிருந்தும் கேட்டேன்.

"என்னை மாட்டிவிட எங்க அம்மாகிட்டயே போனீங்களா?"

"மாட்டிவிடணும்னா உங்க ஆபீஸுக்கு எழுதியிருப்பேன், மச்சான். எனக்கு யார்கிட்ட கேட்கறதுன்னு தெரியல" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

30ஆம் தேதி சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். உரிமையாளர் ஊரில் இல்லை. கட்டட நிர்வாகி அம்மாள் இருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்து சொல்றீங்களே, சார்?"

"ஆமா மேடம். அப்பவே வந்திருக்கணும்."

"உங்களைப் பாராட்டறதா, போலீஸைக் கூப்பிடறதா?"

"ரெண்டுல எது சட்டப்படி சரியோ அதைச் செய்யுங்க" என்றேன். என் குரல் நடுங்கவில்லை.

எங்கள் நிறுவனத்தில் பதவியை எடுத்துவிட்டார்கள். முப்பது பேருக்கு வேறொருவர் வந்தாயிற்று. விசாரணை முடியும்வரை கையெழுத்துப் போடும் வேலை எதுவும் எனக்கு இல்லை. செலவு முழுவதும் நிறுவனத்தைச் சேர்ந்தது. பலகைகளைக் கழற்றி அடைக்கிற வேலைக்கு என்னையும் அனுப்பச் சொல்லி நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தக் கட்டடத்தில் தரையில் குப்புறப் படுத்து, கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் மாப்பிள்ளை ஒரு ஜோடிக் கையுறை கொடுத்தார். கல்பஞ்சு பட்டால் கை அரிக்கும்.

நாற்பத்திரண்டில் பதினொன்று காலி. ஆறில் பஞ்சு நழுவிக் கிடந்தது. மீதி சரி. இருபத்தைந்து சரியாக இருந்ததே என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அது பஞ்சு வைத்தவர்களின் நல்ல குணம்.

எட்டு மாதத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முதல் வாரமே சொல்ல நினைத்தேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று வைத்தேன். பிறகு, எங்காவது கட்டடம் தீப்பிடித்தது என்று செய்தி வந்தால் ஊர் எது என்று தெரியும்வரை எனக்கு மூச்சு வராது. அப்படியே பழகிவிட்டது.

அப்பா அன்றைக்கு என் கையைப் பிடித்து, "வேலையெல்லாம் முடிச்சுட்டு வந்தியா?" என்று கேட்டார். "முடிச்சுட்டேன்பா" என்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மகன்

*

ஏப்ரல் 14

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். மாத்திரை ஒத்துக்கொள்கிறது. நீங்களும் மகளும் நலமாக இருக்க வேண்டும்.

மகன் எழுதியிருந்தான். படித்தேன். கையுறை கொடுத்தது நல்லது. சிறு வயதிலிருந்தே அவனுக்குத் தோல் சீக்கிரம் தடிக்கும்.

பக்கத்து வீட்டு அம்மாள், "உங்க பிள்ளைக்கு வேலையில ஏதோ பிரச்சனையாமே?" என்று படியேறி வந்து கேட்டார். இவ்வளவு தூரத்தில் நடந்தது இவருக்கு எப்படித் தெரிந்ததோ. "பிரச்சனை இல்ல. ஒரு வேலையைத் தப்பா செஞ்சான், இப்ப திருத்தறான்" என்றேன். காபி கொடுத்து அனுப்பினேன். கூடத்தில் மாட்டிய படத்தை அவர் பார்த்துக்கொண்டே குடித்தார். நான் அதை எடுக்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மார்ச்சில் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். தேதி இல்லாத அந்தக் கடிதம்.

தங்கள் மாமியார்

*

மே 6

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

இங்கு அனைவரும் நலம். மச்சான் இரண்டு வாரமாக எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறார். உங்கள் மகள் முதல் மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. நான்காம் நாள், "அண்ணா, பாத்திரம் தேய்க்கத் தெரியும்ல?" என்று கேட்டாள். அதிலிருந்து அவர்தான் தேய்க்கிறார். கல்பஞ்சால் கையில் தடிப்பு ஒன்றும் இல்லை.

நேற்று தெற்குப் பக்க வேலை முடிந்தது. மற்ற மூன்று பக்கங்களிலும் வேறு பொறியாளர்கள் பார்த்த இடங்களைத் திறந்து சோதித்தோம். தாளும் இடமும் ஒத்துப்போகின்றன. ஏழாம் தளம் ஒன்பதாம் இடத்தைக் கடைசியாக வைத்திருந்தோம். அந்த எலக்ட்ரீஷியன் அங்கேயே நின்றார்.

"சார், ஒரு டெஸ்ட் பண்ணிப் பார்க்கட்டுமா?"

"என்ன டெஸ்ட்?"

அவர் ஸ்க்ரூடிரைவரை இடைவெளிக்கு மேலே பிடித்து விட்டார். பொத்தென்று பூச்சின்மேல் விழுந்து அங்கேயே கிடந்தது. "இந்த மாடியிலயே இருந்துக்கறேன்னு சொல்லுது, சார்" என்றார். மச்சான் சிரித்ததை ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தேன். பிறகு ஸ்க்ரூடிரைவர் விழுந்த இடத்தில் பூச்சு கீறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்து, சின்னக் கீறல் இருந்ததால் மறுபடி பூசச் சொன்னார். எலக்ட்ரீஷியனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த இடத்துத் தாளின் நகல் ஒன்றை உரிமையாளரின் அனுமதியோடு அனுப்புகிறேன். அளந்தது மச்சான், எழுதியதும் அவர்தான். இடைவெளி 71, வெட்டிய பஞ்சு 95, கவ்விகள் நான்கு. பார்த்துக் கையெழுத்திட்டவன் நான். நானும் இப்போது 7க்குக் கோடு போடுகிறேன் என்பதைக் கவனிப்பீர்கள்.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. காகிதத்தைக் கிழிப்பது என் தொழிலில் பழக்கமில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை. அது உங்களுடையது, இதோடு திருப்பி அனுப்புகிறேன். என்ன செய்வதென்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

பணிவுடன்,
மாப்பிள்ளை

*

மே 15

மாப்பிள்ளைக்கு,

நலம். உங்கள் எல்லாருடைய நலமும் கடிதத்தில் கண்டேன். அவன் பாத்திரம் தேய்த்தால் அடிப்பக்கத்தை விட்டுவிடுவான். திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாளின் நகலை மேசை விளக்கின் கீழ் வைத்து விரல் வைத்துப் படித்தேன். ஒவ்வொரு கட்டமும் நிரம்பியிருக்கிறது. தேதி இருக்கிறது, நேரமும் இருக்கிறது. அவன் 7 பழைய மாதிரியே இருக்கிறது. உங்கள் 7இல் கோடு கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. நடுவில் வர வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மாள் நேற்று வந்தபோது அவர் கேட்காமலே சொன்னேன்: "எங்க மாப்பிள்ளை இடுக்கு பார்க்கறவர். என் பிள்ளையும் இப்ப அவர்கூடத்தான் பார்க்கறான்." அப்படி என்றால் என்ன என்று கேட்டார். கண்ணாடிக் கட்டடம், தொங்கும் திரை, உள்ளங்கை அகலம் எல்லாம் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. போகும்போது தன் மகள் வேலை செய்யும் அலுவலகத்துக்குக் கண்ணாடிச் சுவரா என்று கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

என் மார்ச் மாதக் கடிதம் வந்தது. அடுப்பங்கரை வரைக்கும் எடுத்துக்கொண்டு போனேன். நின்று படித்தேன். பிறகு மேசைக்கு வந்து, மேலே "மார்ச் 21" என்று தேதி போட்டேன். கீழே "மாமியார்" என்று இருந்த இடத்தில் என் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். இதோடு இணைத்திருக்கிறேன்.

மற்ற நாற்பத்திரண்டு பழைய தாள்களும் இருக்கிற கோப்பிலேயே இதையும் வைத்துவிடுங்கள்.

அத்தை